பிரான்சுக்குக் குடிபோகும் பிரிட்டிஷ் குடும்பம்: பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

போன ஏப்ரலில் மான்செஸ்டரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். கணவருக்கு பாரிசை ஒட்டிய லா தெஃபான்சில் வேலை மாற்றல். செப்டம்பருக்குள் குடிவந்துவிட வேண்டும். பிள்ளைகள் மூன்று பேர்: நாலு வயது, ஒன்பது வயது, பதினாலு வயது. "மூன்று பேரையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் காலையில் கொண்டுபோய் விடச் சுலபம். எந்தப் பள்ளி நல்லது?" என்று கேட்டார். மூன்று பேருக்கும் மூன்று பள்ளி என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பாரிசுக்கு மேற்கே, செய்ன் ஆறு வளைந்து வளைந்து ஓடும் இவ்லின் மாவட்டத்தில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் தெருமுனை அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். அக்கம்பக்கத்தில் பிரிட்டிஷ் குடும்பங்கள் அதிகம் என்பதால் இந்தக் கேள்வி வருஷா வருஷம் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இப்போது லண்டன், லெஸ்டர் பக்கமிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களும் கேட்கிறார்கள். சரி, ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடுவோம்.

அதற்கு முன்னால் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வயதில் மத்தெர்னெல், அதாவது மழலையர் பள்ளி. ஆறு வயதில் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பு, 'செ.பே.' என்பார்கள். பதினொன்றில் கொலேஜ், பதினைந்தில் லிசே (மேல்நிலைப்பள்ளி), பதினெட்டில் பக்கலோரியா தேர்வு, சுருக்கமாக 'பாக்'. கொலேஜ் என்றால் நம் காலேஜ் இல்லை, நடுநிலைப்பள்ளி. இது தெரியாமல் என் அம்மா, பேத்தி பதினோரு வயதில் காலேஜ் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நானும் திருத்தவில்லை.

## எதையெல்லாம் பார்ப்பது, எந்த வரிசையில்

எல்லோரும் கட்டணத்தில் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

வந்து இறங்கும் வயது. பாதி முடிவு இதிலேயே ஆகிவிடும். பத்து வயதுக்குள் வரும் பிள்ளைக்கு மொழி தானாக ஒட்டிக்கொள்ளும். பதினொன்று முதல் பதின்மூன்று வரை உழைத்தால் வரும். பதினாலுக்கு மேல், மொழியைக் கற்கவேண்டிய அதே வருஷங்களில் அந்த மொழியிலேயே வேதியியலும் வரலாறும் தேர்வெழுத வேண்டியிருக்கும்.

வகுப்புக் கணக்கும் இரண்டு நாட்டிலும் வேறு. பிரான்சில் பிறந்த ஆண்டுதான் அளவு: சனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. இங்கிலாந்தில் கோடு ஆகஸ்ட் 31-இல் விழுகிறது. அதனால் செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் பிறந்த பிள்ளை ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியதும் ஒரு வகுப்பு மேலே போய்விடும். இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை.

எத்தனை வருஷம் இருப்பீர்கள். இரண்டு வருஷ ஒப்பந்தமா, வீடு வாங்கும் எண்ணமா? "பார்க்கலாம்" என்று பதில் சொல்பவர்கள்தான் அதிகம். 'பார்க்கலாம்' என்று வந்தவர்கள் பெரும்பாலும் தங்கிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

பதினெட்டு வயதில் எந்த நாடு. இதில்தான் பெரிய பணம் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவர் கட்டணம் 2025-26-க்கு 9,535 பவுண்டு. அது கிடைக்க பாஸ்போர்ட் மட்டும் போதாது. படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று வருஷம் பிரிட்டனில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 2020 டிசம்பர் 31-க்கு முன்பே ஐரோப்பாவில் குடியேறிவிட்ட பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு ஒரு சலுகை உண்டு, ஆனால் அது 2028 சனவரி 1-க்கு முன் தொடங்கும் படிப்புகளோடு முடிகிறது. அதன்பின் பிரான்சில் வளர்ந்த பிரிட்டிஷ் பிள்ளையை வெளிநாட்டு மாணவராகக் கணக்கில் எடுத்தால், கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். பெற்றோரின் வேலை தற்காலிகமாக வெளிநாட்டில் இருந்தது என்று காட்ட முடிந்தால் தப்பிக்க வழியுண்டு. ஆகவே ஒப்பந்தக் கடிதம், ஊரில் விட்டுவந்த வீட்டின் பத்திரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு இது தூரத்துக் கவலை. பதினாலு வயதுப் பிள்ளைக்கு நாலே வருஷம்.

புதன்கிழமை. சிரிக்காதீர்கள். பிரான்சில் பெரும்பாலான ஊர்களில் தொடக்கப்பள்ளிக்குப் புதன் விடுமுறை. வருஷத்துக்கு 36 வாரம், வாரத்துக்கு நாலு நாள்: 144 நாள். இங்கிலாந்தில் 190 நாள். இடையிலுள்ள 46 நாளும் பிள்ளை எங்கே இருக்கும், யார் பார்த்துக்கொள்வார்கள்? இங்கே பல அம்மாக்கள் எண்பது சதவீத வேலை நேரத்தில் இருப்பதற்குக் காரணம் இந்தப் புதன்தான். இருபது சதவீதச் சம்பளம் போவதை எந்தப் பள்ளியின் கட்டணப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

பணம். இப்போது பார்க்கலாம்.

## ஊர் அரசுப் பள்ளி

கட்டணம் இல்லை. தொடக்கப்பள்ளிக்கு விண்ணப்பிப்பது பள்ளியில் இல்லை, நகராட்சியில். 'மெரி' என்பார்கள். குடியிருப்புச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை கொடுத்தால் உங்கள் தெருவுக்குரிய பள்ளியை அவர்களே சொல்வார்கள். விருப்பம் கேட்கமாட்டார்கள்.

2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். இங்கிலாந்தில் நாலு வயதில் ரிசெப்ஷன் வகுப்பிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். பிரான்சில் முறையான வாசிப்பு செ.பே.யில், ஆறு வயதில்தான். ஆங்கிலக் கதைப் புத்தகத்தைத் தானே படிக்கும் ஐந்து வயதுப் பிள்ளை இங்கே கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள். பதற வேண்டாம். அந்த வருஷம் முழுக்கக் காது பழகிக்கொண்டிருக்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு உண்மையான அதிர்ச்சி மொழியைவிட நோட்டுப் புத்தகத்தில் வருகிறது. பிரெஞ்சுப் பள்ளி நோட்டைத் திறந்து பாருங்கள். 8 மில்லிமீட்டர் கட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் மூன்று மெல்லிய நீலக் கோடுகள், ஓரத்தில் சிவப்புக் கோடு. 1892-இல் பொந்துவாஸ் ஊர்ப் புத்தகக் கடைக்காரர் செய்யெஸ் என்பவர் பதிவு செய்த கோடு இது, இன்றைக்கும் அதேதான். எந்த எழுத்து எத்தனையாவது கோடு வரை உயரவேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. கூட்டெழுத்து, மைப்பேனா. தேதியை எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடு போட வேண்டும். மான்செஸ்டரில் பென்சிலால் தனித்தனி எழுத்தாக எழுதிய ஒன்பது வயதுப் பையன், கணக்கில் முதல் மாணவன், இங்கே முதல் வாரம் மை அப்பிய விரலோடு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான்.

கணக்கும் வேறு முகம் காட்டும். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி: மூன்றரை என்பது 3,5. வகுத்தலில் வகுக்கும் எண்ணை இடப்பக்கம் எழுதுவது பிரிட்டிஷ் பழக்கம், நாமும் அப்படித்தான் படித்தோம். பிரெஞ்சுக்காரர்கள் வலப்பக்கம் எழுதுவார்கள். அவர்களுடைய 1 நமக்கு 7 மாதிரித் தெரியும், 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். போதாததற்கு எண்களின் பெயர்: 97 என்றால் 'நாலு இருபது பதினேழு'. ஆசிரியர் வாயால் சொல்லும் கணக்கில் அந்தப் பையன் இதைப் பிரித்துப் புரிந்துகொள்வதற்குள் மற்றவர்கள் விடையை எழுதிவிடுவார்கள்.

மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு யுபிஇ2ஏ என்ற தனி பிரெஞ்சு வகுப்பு உண்டு. வாரத்தில் சில மணி நேரம் அங்கே, மீதி நேரம் வழக்கமான வகுப்பில். நல்ல ஏற்பாடு, ஆனால் எல்லாப் பள்ளியிலும் கிடையாது. பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் பக்கத்திலேயே கிடைக்கலாம். தோர்தோன் மாதிரித் தென்மேற்குக் கிராமப் பகுதியில், பிரிட்டிஷ் குடும்பங்கள் அதிகம் இருந்தாலும், வாரத்துக்கு ஒரு முறை வந்துபோகும் ஆசிரியரோடு முடிந்துவிடலாம். கிராமத்தில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் இருக்குமா, அடுத்த வருஷம் வகுப்பை மூடும் பேச்சு இருக்கிறதா?

முதல் சில மாதம் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது. இதை ஊமைக் காலம் என்று நாங்கள் சொல்வோம். என் பக்கத்து வீட்டுப் பெண் செப்டம்பரில் சேர்ந்து பிப்ரவரி வரை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டு வரிசையில், முன்னால் புகுந்த பையனைச் சுத்தமான பிரெஞ்சில் திட்டியிருக்கிறாள். ஆசிரியர் அதைப் பெற்றோரிடம் புகாராகச் சொல்லவில்லை, நற்செய்தியாகச் சொன்னார்.

சாப்பாடு தனிக் கதை. மதிய இடைவேளை பெரும்பாலும் இரண்டு மணி நேரம். முதலில் காய்கறி, பிறகு முக்கிய உணவு, பாலாடைக்கட்டி, கடைசியில் பழமோ இனிப்போ என்று உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது சைவம் இருக்கும். வீட்டிலிருந்து சாண்ட்விச் டப்பா கொடுத்தனுப்பும் பிரிட்டிஷ் வழக்கம் இங்கே செல்லாது. ஒவ்வாமை போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் அதற்கென்று எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சாப்பாட்டுக் கட்டணத்தைப் பல ஊர்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்து வைப்பார்கள். வருமானக் கணக்கை மெரியில் கொடுக்காதவருக்கு அதிகபட்சக் கட்டணம் வந்துவிடும். புதிதாக வந்தவர்கள் இதில் தவறாமல் மாட்டுகிறார்கள்.

மதம் பள்ளிக்கு வெளியே. கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறப்பு நாடகம் கிடையாது. 2004 சட்டப்படி வெளிப்படையான மதச் சின்னம் அணிந்து வரக்கூடாது. பள்ளி நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேஷம் போட்டு வளர்ந்த பிரிட்டிஷ் பெற்றோருக்கு இது கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும்.

மறைமுகச் செலவு: புதன், மாலை நேரக் காப்பகம், ஆசிரியர் வராத நாட்கள், பள்ளிக் காப்பீடு, அப்புறம் வீட்டுக்கு வரும் பிரெஞ்சு ஆசிரியர். கடைசியதில் பாதியை வரிச்சலுகையாகத் திரும்பப் பெறலாம். இன்னொன்று, ஆங்கிலம். பேச்சு போகாது, எழுத்து போய்விடும். பள்ளியில் ஆங்கில வகுப்பு நிறங்களின் பெயரில் தொடங்கும். கொலேஜில் படிக்கும் ஒரு பிரிட்டிஷ் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் 20-க்கு 14. காலங்களின் இலக்கணப் பெயர் தெரியவில்லையாம். அவளுடைய அப்பா ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

## ஒப்பந்தத் தனியார் பள்ளி

1959 தெப்ரே சட்டத்தின்படி அரசோடு ஒப்பந்தம் போட்ட பள்ளிகள் இவை. பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகள். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, பாடத்திட்டமும் தேர்வும் அரசுப் பள்ளியினுடையதே. அதனால் கட்டணம் பிரிட்டிஷ் தனியார் பள்ளிகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை: ஆண்டுக்குச் சில நூறு யூரோவிலிருந்து இரண்டாயிரம், மூன்றாயிரம் வரை. ஞானோபதேச வகுப்பு விருப்பமிருந்தால் மட்டும்.

"தனியார்" என்ற சொல்லைக் கேட்டதும் பிரிட்டிஷ் பெற்றோர் மனதில் புல்வெளியும் கோட்டும் டையும் வருகின்றன. இங்கே அப்படியில்லை. தெருமுனை அரசுப் பள்ளிக்கு இருக்கும் அதே கட்டடம், அதே நோட்டு, கொஞ்சம் கூடுதல் ஒழுங்கு, தலைமையாசிரியரை நேரில் பார்க்கும் வசதி. முகவரியைப் பார்த்து இடம் தருவதில்லை. நல்ல பெயருள்ள பள்ளியில் ஒரு வருஷம் முன்பே இடம் நிரம்பிவிடும், பழைய மதிப்பெண் அட்டை கேட்பார்கள். பிரெஞ்சு தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது சரியான இடமில்லை, யுபிஇ2ஏ வகுப்பு பெரும்பாலும் அரசுப் பள்ளியில்தான் இருக்கும். ஓரளவு பிரெஞ்சு வந்தபிறகு, ஊர் கொலேஜ் பிடிக்காதவர்கள் போகும் இடம் இது.

ஓர் எச்சரிக்கை. 'இருமொழிப் பள்ளி' என்று பலகை மாட்டிய எல்லாமே இந்த ஒப்பந்தத்துக்குள் வராது. ஒப்பந்தம் இல்லாத பள்ளியில் ஆசிரியர் சம்பளம் முழுவதும் உங்கள் கட்டணத்திலிருந்து வரவேண்டும், பாடத்திட்டமும் வேறாக இருக்கலாம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பாடம் ஆங்கிலத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்ட ஓர் இடத்தில் பதில் "பாட்டும் ஓவியமும்" என்று வந்தது.

## பன்னாட்டுப் பிரிவு

அரசுப் பள்ளிக்குள்ளேயே ஒரு பிரிவு. பிரெஞ்சுப் பாடத்திட்டம் முழுக்க உண்டு. அதற்கு மேல் ஆங்கில இலக்கியம், வரலாறு புவியியலில் ஒரு பங்கு ஆங்கிலத்தில், அந்த நாட்டு முறையில் தாய்மொழியாளரே நடத்துவார். பெயர்பெற்றது எங்கள் பக்கத்திலுள்ள சென்-ஜெர்மன்-ஆன்-லே பன்னாட்டு லிசே. 1952-இல் நேட்டோ தலைமையகத்து அதிகாரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இன்று 14 மொழி, நாட்டுப் பிரிவுகள் இருக்கின்றன, பிரிட்டிஷ் பிரிவும் அமெரிக்கப் பிரிவும் தனித்தனி. ஜெனீவா எல்லையில் ஃபெர்னே-வோல்தேர், நீஸ் பக்கம் வால்போன், லியோன் என்று வேறு ஊர்களிலும் இந்தப் பிரிவுகள் உண்டு. முடிவில் எழுதுவது 'பிரெஞ்சுப் பன்னாட்டு பாக்', 2024 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது.

எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டு மொழியிலும் கட்டுரை எழுதத் தெரிந்த பிள்ளைகளை இது உருவாக்குகிறது, இரண்டு நாட்டுக் கதவும் திறந்தே இருக்கும். ஆனால் விலையைச் சொல்லாமல் விடக்கூடாது.

நுழைவுத் தேர்வு உண்டு. அண்ணனுக்கு இடம் கிடைத்தால் தங்கைக்கும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. விண்ணப்பக் காலம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், வேலை மாற்றல் உத்தரவோ ஏப்ரலில் வரும். அரசுப் பள்ளி என்றாலும் பிரிவை நடத்தும் சங்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம், சில இடங்களில் அது ஆண்டுக்குச் சில ஆயிரம் யூரோ. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டு வாடகை அதிகம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் வாரம் மற்றவர்களுடையதைவிடச் சில மணி நேரமாவது நீளம், வீட்டுப்பாடமும் அதிகம். இந்தச் சுமையைத் தாங்கத் தெரிந்த பிள்ளைக்குச் சரி. எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. என் பெரியவளுக்கு இடம் கிடைத்தது, ஒரு வருஷம் போனாள், அடுத்த வருஷம் அவளே வேண்டாம் என்றாள்.

பிரெஞ்சு தெரியாமல் வருபவர்களைச் சேர்க்கும் தனி பிரெஞ்சு வகுப்பு சென்-ஜெர்மனில் இருக்கிறது. மற்ற ஊர்களில் இருக்கும் என்று நினைத்து வீடு பிடித்துவிடாதீர்கள், கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

## பிரிட்டிஷ் பள்ளி

குரோவாசி-சுர்-செய்னில் 1954 முதல் இருக்கும் பாரிஸ் பிரிட்டிஷ் பள்ளி மாதிரியானவை. அதே பாடத்திட்டம், அதே 16 வயதுத் தேர்வு, 18 வயதில் அதே ஏ-லெவல் தேர்வு, வாரத்துக்கு ஐந்து நாள். பிள்ளைக்கு மாறுவது வானிலை மட்டும்தான் என்று ஒரு நண்பர் சொல்வார், அதுவும் பெரிதாக மாறாது.

பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் கட்டணம் வயதைப் பொறுத்து ஆண்டுக்கு இருபதாயிரம் யூரோவை ஒட்டித் தொடங்கி முப்பதாயிரத்தையும் தாண்டும். சேர்க்கைக் கட்டணம், பேருந்து, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் தனி. நிறுவனம் கட்டுகிறது என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். அது உங்கள் வருமானமாகக் கணக்காகி வரி விழுமா? ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் அந்தக் கல்வியாண்டுக்கு யார் பொறுப்பு? இரண்டாவது கேள்வியைக் கேட்காத ஒரு குடும்பம், மூத்த பையன் ஏ-லெவல் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது சொந்தக் காசைப் போட்டது.

பணத்தில் தெரியாத செலவும் உண்டு. மூன்று வருஷம் இருந்தும் ரொட்டிக்கடையில் ஒரு பகெத் வாங்கப் பிரெஞ்சு வராத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வகுப்புத் தோழர்களில் பலர் ஜூன் மாதம் வேறு நாட்டுக்கு மாறிப் போய்விடுவார்கள். தெருவில் விளையாட ஆளில்லை, தெருப் பிள்ளைகள் வேறு பள்ளி. பெற்றோருக்கும் அதே கதி: பள்ளி வாசலில் நிற்கும் பத்து நிமிஷத்தில்தான் இந்த நாட்டில் பாதி நட்பு உண்டாகிறது.

ஆனாலும் பதினாலு வயதுக்கு மேல் பிரெஞ்சு தெரியாமல் வரும் பிள்ளைக்கு, இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பப்போகும் குடும்பத்துக்கு, இதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை. பாக் படிக்கும் எல்லோரும் பிரெஞ்சு இலக்கியத் தேர்வு எழுத வேண்டும், பொதுப் பிரிவில் நாலு மணி நேரத் தத்துவக் கட்டுரையும் உண்டு. ஏ-லெவலில் மூன்று பாடத்தோடு முடிந்துவிடும். பதினைந்து வயதில் 'போன்ஜூர்' மட்டும் தெரிந்த பிள்ளையைத் தத்துவக் கட்டுரைக்கு அனுப்புவது தைரியம் இல்லை. கட்டணம் கட்ட முடியாவிட்டால் ஒரு மாற்றுவழி: இங்கிலாந்தில் அரசு விடுதிப் பள்ளிகள் உண்டு. படிப்பு இலவசம், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் பணம். பிள்ளையைப் பிரிந்திருக்கச் சம்மதம் இருந்தால் யோசிக்கலாம்.

## வீட்டுக் கல்வி

முன்பு பிரிட்டிஷ் குடும்பங்கள் பலவும் இதை நம்பி வந்தார்கள், ஓர் அறிவிப்புக் கடிதம் போதும் என்றிருந்தது. 2022 செப்டம்பர் முதல் முன் அனுமதி வேண்டும். உடல்நலம், தீவிர விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, ஊர் ஊராகச் செல்லும் வாழ்க்கை அல்லது பள்ளிக்குத் தூரம், பிள்ளையின் தனிப்பட்ட நிலை: இந்த நாலில் ஒன்றைக் காட்ட வேண்டும். விண்ணப்பம் மார்ச் 1 முதல் மே 31 வரை. ஆங்கில இணையவழிப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னால் அது பள்ளியில் சேர்த்ததாகாது, வீட்டுக் கல்விதான். இதை ஒரு வழியாக எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

## ஒரு பார்வையில்

| | அரசுப் பள்ளி | ஒப்பந்தத் தனியார் | பன்னாட்டுப் பிரிவு | பிரிட்டிஷ் பள்ளி |
|---|---|---|---|---|
| ஆண்டுக் கட்டணம் | இல்லை | சில நூறு முதல் சில ஆயிரம் யூரோ | சில இடங்களில் சில ஆயிரம் | இருபதாயிரத்தை ஒட்டி, அதற்கு மேலும் |
| சேரும் வழி | முகவரிப்படி | நேர்காணல், மதிப்பெண் அட்டை | நுழைவுத் தேர்வு | விண்ணப்பம், பணம் |
| பிரெஞ்சு | முழுமையாக வரும் | வரும், தொடக்கத்தில் துணை குறைவு | முழுமையாக வரும் | பாடமாக மட்டும் |
| ஆங்கில எழுத்து | வீட்டில்தான் | வீட்டில்தான் | பள்ளியிலேயே | பள்ளியிலேயே |
| தொடக்க வகுப்பில் புதன் | பெரும்பாலும் விடுமுறை | பள்ளிக்குப் பள்ளி மாறும் | பள்ளிக்குப் பள்ளி மாறும் | பள்ளி உண்டு |
| இறுதித் தேர்வு | பாக் | பாக் | பன்னாட்டு பாக் | ஏ-லெவல் |
| வந்து சேர ஏற்ற வயது | 3 முதல் 11 | பிரெஞ்சு தெரிந்தால் எந்த வயதும் | இரு மொழியும் உள்ள பிள்ளை | 14-க்கு மேல், அல்லது குறுகிய காலம் |

பதினொன்று முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளை அட்டவணைக்குள் அடங்காது. நாலு வருஷத்துக்கு மேல் இருக்கப் போகிறீர்கள், பக்கத்துக் கொலேஜில் யுபிஇ2ஏ வகுப்பு இருக்கிறது என்றால் அரசுப் பள்ளி. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நான் தயங்குவேன். கொலேஜில் புதன் காலையும் வகுப்பு இருக்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

## மான்செஸ்டர் குடும்பம்

நாலு வயதுப் பெண் ஊர் மத்தெர்னெலில். இவளுக்கு யோசிக்கவே இல்லை. ஒன்பது வயதுப் பையன், மை அப்பிய விரல்காரன், அதே தெருவின் தொடக்கப்பள்ளியில், வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் யுபிஇ2ஏ. பன்னாட்டுப் பிரிவுக்கு அடுத்த குளிர்காலத்தில் விண்ணப்பிக்கலாம் என்று விட்டுவைத்தார்கள். பதினாலு வயதுப் பையன் பிரிட்டிஷ் பள்ளியில். நிறுவனம் ஒரு பிள்ளைக்கு மட்டும் கட்டணம் தருவதாகச் சொன்னது, அதை இவனுக்கு வைத்துக்கொண்டார்கள். பல வீடுகளில் இதை எல்லோருக்கும் பங்கு போட்டு, சொந்தப் பணத்தையும் சேர்த்து, சிறியவர்களையும் அங்கேயே போடுவார்கள். நாலு வயதுக்கு அந்தப் பணம் தேவையே இல்லை.

காலையில் மூன்று வாசல் என்பது உண்மையில் இரண்டுதான் ஆனது. மத்தெர்னெலும் தொடக்கப்பள்ளியும் ஒரே மதிலுக்குள், பெரியவன் பேருந்தில். சிக்கல் வந்தது வேறு இடத்தில்: விடுமுறை. பிரெஞ்சுப் பள்ளிகளுக்குக் குளிர்கால, வசந்தகால விடுமுறைகள் நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து வெவ்வேறு வாரங்களில் வரும். பிரிட்டிஷ் பள்ளியின் நாட்காட்டி தனி. இரண்டையும் சமையலறைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒன்றாக ஊருக்குப் போக முடிகிற நாட்களைப் பச்சை மையில் வட்டம் போட்டிருக்கிறார் அந்த அம்மா.

புதன்கிழமைக்கு அவர் கண்டுபிடித்த வழி, பக்கத்து வீட்டு பிரெஞ்சு அம்மாவோடு முறை வைத்துக்கொள்வது. ஒரு வாரம் இவர் வீட்டில் ஐந்து பிள்ளைகள், மறுவாரம் அவர் வீட்டில். பெரியவனும் புதன் சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கி நேராக அங்கேதான் போகிறானாம். பிரெஞ்சு எங்கே கற்றுக்கொள்கிறான் என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள்.

இப்போதே வேலையைத் தொடங்குபவர்கள் மூன்று காகிதத்தை எடுத்து வையுங்கள்: பெற்றோர் பெயருள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளியிலிருந்து கடைசி மதிப்பெண் அறிக்கை. இங்கிலாந்தில் கேட்டவுடன் கிடைக்கும் சுருக்கப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது. அதைக் கொண்டுபோனால் மெரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2018 சனவரி முதல் பிறந்த பிள்ளைக்குப் பிரான்சில் குறைந்தது 11 தடுப்பூசிகள் கட்டாயம், பிரிட்டிஷ் அட்டவணை அதோடு அப்படியே பொருந்தாது. விட்டுப்போனதைப் போட மருத்துவரிடம் நேரம் வாங்குவதற்கே சில வாரம் ஆகலாம். வந்தபிறகு, வெளிநாட்டுப் பிள்ளை எல்லை தாண்டிப் போய்வர உதவும் பயண அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மே மாதம் வகுப்போடு ஸ்பெயின் சுற்றுலா என்னும்போது ஓடவேண்டியிருக்கும்.